காலநிலையும் நம் சங்கத்து இளைஞர்களும்

நமது சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களுக்கு வந்து அமர்வோரை ஒருமுறை நோக்கினால், அவர்களில் மிகப் பலர் 50 வயதைக் கடந்தவர்கள் என்பது விளங்கும். அவர்களுடைய மக்கள் படித்திருக்கிறார்கள். பலர் பட்டமும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் சங்கத்தின் வாயிற்படியை மிதித்தவர்கள் சிலரே. சங்கம் என்றால் வட்டி, தவணை, ஜப்தி என்று சிறுவயதில் காதில் விழுந்த மூன்று சொற்களுக்கு அப்பால் அவர்களுக்கு அதனுடன் உறவு இல்லை.

இதே இளைஞர்கள் கல்லூரி மண்டபங்களில் காலநிலை மாற்றம் பற்றி ஆர்வத்தோடு பேசுகின்றனர்; சுவரொட்டி எழுதுகின்றனர்; ஊர்வலம் செல்கின்றனர். அது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மேடையில் பேசும் ஒரு நெசவாளியின் மகள், தன் தந்தையின் தறிக்குழியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊற்று நீர் நிற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பயிர் மூழ்கிய விவசாயியின் மகன் வடதுருவத்துக் கரடியைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறான். குற்றம் அவர்கள்மேல் இல்லை. வீட்டில் நேர்ந்த நஷ்டத்தை ஊரறியச் சொல்லும் வகை அவர்களுக்குக் காட்டப்படவில்லை. அவ்வகையைக் காட்டத் தக்க இடம் நமது சங்கமே என்பது நம் அபிப்பிராயம்.

விவசாய அங்கத்தினர்களுக்குப் பருவம் பிறழ்வதைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யாமல் பொய்த்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; ஓராண்டில் அப்பகுதி காணும் மழையை விட இது மிகுதி. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஊத்தங்கரை கடற்கரை ஊரன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நெசவாளருடைய நஷ்டமோ இத்துணை வெளிப்படையானதன்று. பாவை நீட்டிக் கஞ்சியிட்டுக் காயவைக்கக் காலை வெயில் வேண்டும். மழை நாளில் அது இயலாது. ஈரக் காற்றில் பட்டு இழை ஒட்டும். கடுங்கோடையின் வறட்சியில் பருத்தி இழை அறும். குழித்தறியில் நீர் ஊறிவிட்டால் தறிக்காரர் கால் வைக்கும் இடமே இல்லை. பயிர் மூழ்கினால் அதிகாரிகள் வந்து பார்க்கின்றனர், அறுவடைப் பரிசோதனை உண்டு, காப்பீடு உண்டு. தறி நின்றால் அதைப் பார்க்க வருவார் இல்லை. நின்ற நாட்களுக்குக் கூலியும் இல்லை. எத்தனை நாட்கள் நின்றன என்னும் கணக்கும் நாம் அறிந்த வரையில் எங்கும் தொகுக்கப்படவில்லை.

காலநிலைக்காக வாதாடுதல் என்பது நம் ஊரளவில் இத்தகைய நஷ்டங்களைக் கணக்கோடு எடுத்துரைத்து, பரிகாரம் கேட்பதேயாகும். இதற்கு இளைஞர்கள் பெறக்கூடிய வழிகள் பல இருக்கின்றன. முதலில் அவற்றை அறிய வேண்டும்.

உலக அளவிலிருந்து தொடங்குவோம். 1992-ஆம் ஆண்டின் காலநிலை உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவும், 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவும், இதுபற்றிய கல்வியும் செய்தியும் மக்களுக்கு எட்ட வேண்டும், அவர்கள் பங்குகொள்ள வேண்டும் என்று கூறுகின்றன. ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில் இளைஞர்களுக்கென்றே அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றும் இருக்கிறது. 2020-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் தமக்கு ஆலோசனை கூற அமைத்த எழுவர் கொண்ட இளைஞர் குழுவில், ஒடிசாவின் காடியா பழங்குடியைச் சேர்ந்த அர்ச்சனா சோரெங் இடம்பெற்றார். தம் சமூகத்தார் காட்டையும் நிலத்தையும் பேணும் முறைகளை ஆவணமாக்கியதே அவருடைய பணி. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தம் தெருவில் துணி தேய்ப்பவர் கரியை எரித்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டுச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வகுத்தவர். இருவரும் தொடங்கியது தத்தம் ஊரில் கண்ணெதிரே இருந்த பொருளிலிருந்துதான்.

நம் மாநிலத்தில் 2022-இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பெற்று, மாவட்டந்தோறும் ஆட்சியரின் தலைமையில் ஒரு கிளை அமைந்திருக்கிறது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தப் பொது அலுவலகத்தின் கோப்பையும் கேட்கலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி, பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ வருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 30 நாள் முன்னறிவிப்புடன் நடத்தப்பட வேண்டும். அங்கே எவரும் பேசலாம், எழுதியும் தரலாம். கிராம சபையோ ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதில் எழுந்து பேசலாம். இத்தனையில் நமக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி வழிதான். ஏனெனில் இதற்கு ஆங்கிலம் வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம்.

கட்டுரைப் போட்டி, நற்சான்றிதழ், மரக்கன்றுடன் நிழற்படம் ஆகியவற்றைப் பற்றி நாம் அதிகம் கூற விரும்பவில்லை. அவற்றால் தீங்கில்லை. நட்ட கன்றுக்கு மறு கோடையில் நீர் ஊற்றுவார் யார் என்பதுதான் நம் சந்தேகம்.

வழிகள் இவ்வளவு இருந்தும் நம் இளைஞர் ஒருவர் தனியே எழுந்து பேசினால் அப்பேச்சு ஏன் காற்றோடு போகிறது? இதற்கு விடை காண ஒரு தூர தேசத்துச் செய்தியைக் கூற வேண்டியிருக்கிறது.

பசிபிக் மாகடலில் வனுவாட்டு என்றொரு தீவு நாடு உண்டு. ஜனத்தொகை சுமார் 3 லட்சம். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்துக்கே அது காணும். 2015-இல் பாம் புயலும், 2020-இல் ஹெரால்ட் புயலும் அந்நாட்டைச் சூறையாடின. இவ்விரண்டுக்கும் இடையே, 2019-இல், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் அந்நாட்டுக் கிளையில் சட்டம் பயின்றுவந்த 27 மாணவர்கள் தம் வகுப்பில் ஒரு கேள்வியை எழுப்பிக் கொண்டனர். புகையைக் கக்கும் பெரிய நாடுகள், அதனால் மூழ்கும் சிறிய நாடுகளுக்குச் சட்டப்படி எவ்வகையிலேனும் கடமைப்பட்டவையா என்று தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டால் என்ன? அந்த நீதிமன்றம் மாணவர்களுடைய மனுவை ஏற்காது, ஐ.நா. சபை போன்ற அமைப்புகள் கேட்டால்தான் ஆலோசனைக் கருத்து வழங்கும். ஆகவே அவர்கள் தீவு நாடுகளின் அரசுகளுக்கு எழுதினர். 2021-இல் வனுவாட்டு அரசு அக்கோரிக்கையைத் தனதாக்கிக் கொண்டது. அரசின் தூதர்கள் நாடு நாடாக ஆதரவு திரட்டினர். 2023 மார்ச் 29-ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பின்றி அத்தீர்மானத்தை நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் விசாரணை நடந்தது. 2025 ஜூலை 23-ஆம் நாள் நீதிபதிகள் ஒருமித்துத் தம் கருத்தை வழங்கினர்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, கடமை தவறுவது சர்வதேசச் சட்டத்தின்படி தவறான செயல், அதனால் விளைந்த சேதத்துக்கு ஈடு செய்ய வேண்டிய பொறுப்பும் எழக்கூடும். இக்கருத்து எந்நாட்டையும் நேராகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. எனினும் இனி எந்த நாட்டு வழக்கிலும் அதை எடுத்துக் காட்டலாம்.

கோரிக்கை மாணவருடையது, அதைச் சுமந்து சென்ற கை அரசினுடையது. ஆறாண்டுகளில் ஒரு வகுப்பறைக் கேள்வி சர்வதேச நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது இந்தச் சேர்க்கையால்தான். நம் தேசத்திலும் 2017-இல் ஹரித்துவாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே என்னும் 9 வயதுச் சிறுமி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இது குறித்து மனுச் செய்தாள். 2019-இல் அது தள்ளுபடியாயிற்று. ஆயினும் 2024 மார்ச்சில், கானமயில் என்னும் பறவையையும் மின்கம்பிகளையும் பற்றிய வேறொரு வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டிருப்பது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 14, 21-ஆம் விதிகளைக் கொண்டு கூறிவிட்டது. ஆகவே உரிமை இருக்கிறது. அதை எவர் எதைக் கொண்டு கேட்பது என்பதே மிஞ்சியுள்ள வினா.

நம் கிராமத்து இளைஞரிடம் கல்வி இருக்கிறது. ஓய்வு நேரம் இருக்கிறது. கையில் கைப்பேசியும் இருக்கிறது. இல்லாதவை இரண்டு. ஒன்று, நிலைபெற்ற ஓர் அமைப்பின் பெயர். மற்றொன்று, மறுக்கவொண்ணாத கணக்கு. இவ்விரண்டும் நம் சங்கத்தில் இருக்கின்றன. பதிவு பெற்ற சங்கத்தின் தீர்மானம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் அதற்கு ஒரு கோப்பு எண் விழும். தனி மனிதரின் குமுறலுக்கு அது விழுவது அரிது. இதை அலுவலகத்துக்கு உள்ளே இருந்து பார்க்கும் நாம் உறுதியாகச் சொல்லலாம்.

கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நெசவாளர் சங்கத்தில் ஒவ்வொரு தறிக்காரருக்கும் நூல் கொடுத்த நாளும், துணி வரவு வைத்த நாளும், கூலி கொடுத்த தொகையும் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு சேலைக்கு வழக்கமாக எத்தனை நாள் பிடிக்கும் என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்தது. நவம்பரில் வாங்கிய பாவு, வழக்கமான நாளுக்கு எத்தனை நாள் பிந்தித் துணியாக வந்தது என்று 20 ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் போதும். எடுத்துக்காட்டாக, 100 தறி உள்ள சங்கத்தில் தறிக்கு 10 நாள் வீதம் மழையால் நின்றது என்று வைத்துக்கொண்டால், அது 1,000 தறி நாட்கள். அதனருகே வானிலைத் துறையின் மழை அளவை எழுதினால், எவர் கேட்டாலும் மறுக்க முடியாத பத்திரம் ஒன்று தயாராகிவிடும். மழையன்றித் திருவிழாவாலோ, நூல் வராமையாலோ, சந்தை மந்தத்தாலோ தறி நின்றிருக்கலாம். அதைப் பிரித்தறிய முதியவர்களைக் கேட்க வேண்டும். கேட்கும் பொருட்டாவது பேரனும் பாட்டனும் ஓரிடத்தில் உட்காருவார்கள் அன்றோ?

விவசாயக் கடன் சங்கங்களில் இதனினும் தெளிவான தடயம் இருக்கிறது. வறட்சியோ வெள்ளமோ தாக்கியதாக அரசு அறிவித்த ஆண்டுகளில், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றி எழுதுவது வழக்கம். பேரேட்டில் அவ்வாறு மாற்றி எழுதிய வரி ஒவ்வொன்றும் பொய்த்த ஒரு பருவத்தின் சாட்சி. எந்த ஆண்டில், எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்று தொகுத்தால், முன்பு பத்தாண்டுக்கு எத்தனை முறை வந்த கேடு இப்போது எத்தனை முறை வருகிறது என்பது தெரியவரும். கிராம சபையில் வாய்க்கால் தூர்வாரக் கேட்கும் போதும், காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கை எதிர்த்து முறையிடும் போதும், உணர்ச்சியைக் காட்டிலும் இத்தாள் வலிமை உடையது.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி கடன் சங்கங்கள் கணினிக்கு மாறி வருகின்றன. நல்லதே. ஆனால் கணினியில் ஏறுவது பெரும்பாலும் நிலுவையில் உள்ள கணக்குத்தான். தீர்ந்துபோன கணக்குகளின் பழைய பேரேடுகள் பரணுக்குப் போகின்றன. பரணிலிருந்து கரையானுக்குப் போகின்றன. அல்லது காலக்கெடு முடிந்தது என்று முறைப்படியே அழிக்கப்படுகின்றன. தணிக்கையின் கண்ணுக்கு அது பயனற்ற காகிதமாயிருக்கலாம். இந்த வாதத்துக்கோ அதுதான் முதல் சாட்சி.

சில நிர்வாகிகள், பேரேட்டை வெளியார் கையில் கொடுப்பதெங்ஙனம் என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஒருவருடைய கடனை மற்றொருவர் அறிய வேண்டுவதில்லை. பெயரை விடுத்து, ஆண்டுவாரியான மொத்தத்தை மட்டும் எடுக்கலாம். சங்கக் காரியதரிசியின் முன்னிலையில், சங்கக் கட்டடத்திலேயே எடுக்கலாம். தறியில் அமராத மகனோ மகளோ அங்கத்தினராக முடியாதே என்பது இன்னொரு தடை. அவர்கள் அங்கத்தினராக வேண்டும் என்பதில்லை. கணக்கை மகள் எழுதட்டும். தீர்மானத்தை அங்கத்தினராகிய தாய் முன்மொழியட்டும். செலவுக்கு வழி கேட்போருக்கு ஒரு சொல்: சங்கங்கள் தம் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. அதன் பயன் சொற்பொழிவுகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. 1995-இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வகுத்த கொள்கைகளில் ஐந்தாவது, கூட்டுறவின் பயனை இளைஞர்களுக்குச் சிறப்பாக எடுத்துரைக்க வேண்டும் என்று அவர்களைப் பெயர் சுட்டியே கூறுகிறது.

இது அரசியலாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. மழை எந்தக் கட்சியையும் சேர்ந்ததன்று. அரசு ஊழியர் என்ற முறையில் நமக்குப் பேச எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நின்றே இதைச் சொல்கிறோம்.

இதைவிடக் கடினமான ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். கணக்கு எழுத வரும் இளைஞர் நம் நஷ்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டார். நம்மையும் கேள்வி கேட்பார். கைத்தறி மின்சாரமின்றி ஓடுகிறது என்று பெருமை பேசுகிறோம். அந்த நூலுக்குச் சாயமேற்றிய நீர் எங்கே போயிற்று என்று அவர் கேட்பார். திருப்பூர்ப் பகுதியில் சாயக் கழிவால் நொய்யலாறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை நாடறியும். விவசாயிகள் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆலைகளின் தொழிலாளர் எத்தனையோ பேர் வேலை இழந்தனர். துணி செய்வோரும் பயிர் செய்வோரும் ஒரே நீருக்கு எதிரெதிராக நின்ற வழக்கு அது. இவ்விதழைப் படிப்பவர்கள் அவ்விரு தரப்பாரும்தான். நிலத்தடி நீர் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணற்றை மேலும் இறக்கிக் கரும்பும் நெல்லும் மாறாமல் பயிரிடுவது பற்றியும் அந்த இளைஞர் கேட்கக்கூடும். பதில் இல்லாத இடங்களில் நிர்வாகிகள் கோபிக்காமல் இருக்க வேண்டும். ஆற்றின் கேட்டை நீதிமன்றம் சொல்லி அறிவதைக் காட்டிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லி அறிவது குறைந்த செலவில் முடியும்.

1904-இல் திரூரில் நம் பகுதியின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கம் எழுந்தபோது, அதற்கு வந்த கேள்வி லேவாதேவிக்காரரின் வட்டி. இன்றைய இளைஞர் கொண்டுவரும் கேள்வி வேறு. அதற்காக அவர் சங்கத்துக்கு அந்நியர் ஆகிவிட மாட்டார்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றமும் வரவேற்புரையும் வாழ்த்துரையும் நன்றியுரையும் முறையாக நடக்கின்றன. அவ்வாரம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது; பல ஊர்களில் தறிகள் நின்றிருக்கும் வாரமும் அதுவே. இம்முறை ஒரு நாள் பிற்பகலை மட்டும் ஒதுக்கி, அங்கத்தினர்களின் வீடுகளில் படித்தவர்களாயுள்ள நாலைந்து பேரை அழைத்து, பழைய பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கி அவர்கள் முன் வைக்குமாறு நிர்வாகக் குழுவினரையும் தனி அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறோம். முதலில் கடைசி ஐந்தாண்டுக் கணக்கை எடுத்தால் போதும். அது முடிவதற்குள், அழிக்க வேண்டிய பதிவேடுகளின் பட்டியல் தயாராகியிருந்தால், அதை அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டும். எடுத்த கணக்கை ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையில் வாசிக்கலாம். ஒரு பிரதியை ஆட்சியருக்கும், ஒரு பிரதியை இவ்விதழுக்கும் அனுப்பலாம்.